தெரிந்தவர் இல்லாத பிள்ளைக்கு ஒரு தெரிந்தவர்: கொங்குப் பகுதியில் பள்ளி மாணவர்களுக்கு வேலைகளை அருகில் காட்டுவது எப்படி?

கோவை கணபதி பக்கம் அரசுப் பள்ளியில் படிக்கும் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனிடம், பள்ளிக்கு வரும் வழியில் தினமும் என்ன பார்க்கிறாய் என்று கேட்டேன். “பட்டறைங்க” என்றான். பட்டறையில் என்ன செய்கிறார்கள்? “இரும்பு வேலைங்க.” என்ன இரும்பு வேலை? அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. அவன் கடந்து வரும் பட்டறையில் பம்புசெட் மோட்டாருக்கு ஷாஃப்ட், அதாவது சுழலும் இரும்புத் தண்டு, கடைகிறார்கள். அவனுடைய அமுச்சி (அம்மாவின் அம்மா) வீட்டுத் தோட்டத்துக் கிணற்றில் ஓடுவதும் அப்படி ஒரு ஷாஃப்ட்தான். நான்கு வருடமாக அந்த வாசலைத் தாண்டிப் போகிறான், ஒரு நாளும் உள்ளே போனதில்லை.

அதே பட்டறை முதலாளியின் மகன் பத்து வயதிலேயே வெர்னியர் என்ற அளவுகோலைப் பிடித்து அளவு பார்ப்பான். ஆடிட்டர் வீட்டுப் பிள்ளைக்கு ஆடிட்டர் என்ன செய்வார் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் ஊரில் எந்தக் காரியத்துக்கும் முதலில் வரும் கேள்வி, “தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?” என்பதுதான். அந்தத் தெரிந்தவர் சில வீடுகளுக்குப் பிறப்பிலேயே கிடைத்துவிடுகிறார், பல வீடுகளுக்குக் கடைசிவரை கிடைப்பதில்லை. கிடைக்காத பிள்ளைக்கு ஒருவரைத் தேடிப்பிடித்துக் கொடுப்பதும், அவரோடு கொஞ்ச நேரம் கையால் வேலை செய்து பார்க்க வைப்பதும் எப்படி என்று இங்கே எழுதுகிறேன். ஆசிரியர்கள், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர்கள், முன்னாள் மாணவர்கள், சிறு தொழில் நடத்துபவர்கள் என யார் வேண்டுமானாலும் இதைத் தொடங்கலாம்.

இதைத் தொடங்கிய முதல் வருடம் நாங்கள் செய்த தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். 60 பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி ஒரு நூற்பாலைக்கு அழைத்துப் போனோம். உள்ளே பேசுவது காதில் விழாத சத்தம். வரிசையாக நடந்தார்கள், பன்னும் டீயும் சாப்பிட்டார்கள், திரும்பி வந்தார்கள். மறுநாள் எழுதச் சொன்னபோது பாதிப் பேர் “மில் மிகவும் பெரியதாக இருந்தது” என்று எழுதியிருந்தார்கள். அதன் பிறகு சுற்றிக் காட்டுவதையே விட்டுவிட்டோம். இப்போது கணக்கு இதுதான்: ஒரு இடத்துக்கு மூன்று அல்லது நான்கு பிள்ளைகள், நான்கு சனிக்கிழமைகள், பெயர் தெரிந்த ஒரு மனிதர்.

முதல் படி: ஒன்பதாம் வகுப்பில் தொடங்குங்கள்

பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் சில நாட்களுக்குள் பதினொன்றாம் வகுப்புக் குரூப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கணிதம் உயிரியலா, கணினி அறிவியலா, வணிகவியலா, தொழிற்கல்விப் பிரிவா? அல்லது ஐடிஐ, பாலிடெக்னிக் பக்கம் போவதா? பெரும்பாலும் பக்கத்து வீட்டு அண்ணன் எடுத்த குரூப்பையோ, மார்க்குக்குக் கிடைத்த குரூப்பையோதான் எடுக்கிறார்கள். பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் மாலையும் சனிக்கிழமையும் ஸ்பெஷல் கிளாஸுக்குப் போய்விடும். அதனால் ஒன்பதாம் வகுப்பில் காலாண்டுத் தேர்வு முடிந்து அரையாண்டு வருவதற்குள், அதாவது அக்டோபர், நவம்பர் மாதங்களில் நான்கு சனிக்கிழமைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளி என்றால் தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்து, பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, கல்வி அலுவலகத்தின் அனுமதியையும் வாங்கிவிடுங்கள். இதற்கே ஒன்றிரண்டு மாதம் ஆகும். ஜூனிலேயே ஆரம்பித்தால்தான் சரியாக வரும்.

இரண்டாம் படி: ஊரை எழுத வையுங்கள்

பள்ளியைச் சுற்றி நடந்துபோகும் தூரத்தில் என்னென்ன வேலை நடக்கிறது என்று பிள்ளைகளையே பட்டியல் எடுத்து வரச் சொல்லுங்கள். கொங்கு நாட்டில் இது பெரிய வசதி, ஊருக்கு ஊர் தொழில் மாறும். கோவையில் பம்பு, ஃபவுண்டரி, வெட் கிரைண்டர். திருப்பூரில் பனியன். சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறி. ஈரோட்டில் மஞ்சள் மண்டி, பவானியில் ஜமுக்காளம், சென்னிமலையில் போர்வை. கரூரில் வீட்டு உபயோகத் துணிகளும் பஸ் பாடி கட்டுவதும். நாமக்கல்லில் கோழிப்பண்ணையும் லாரியும், திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி. பொள்ளாச்சியில் தென்னையும் கயிறும்.

பட்டியல் வந்ததும் ஒரு இடத்தை எடுத்து உள்ளே பிரித்துப் பாருங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பனியன் கம்பெனி என்றால் டைலர், கைமடி, செக்கிங் மட்டும்தான். அம்மா அந்த வேலையில் இருந்தால் அவ்வளவுதான் கண்ணில் பட்டிருக்கும். அதே கட்டடத்தில் பேட்டர்ன் மாஸ்டர் இருக்கிறார், துணி வாங்கும் வெளிநாட்டு பையரோடு பேசும் மெர்ச்சண்டைசர் இருக்கிறார், தையல் மெஷின் மெக்கானிக், ஷிப்பிங் பேப்பர் பார்ப்பவர், கணக்கர் எல்லாரும் இருக்கிறார்கள். சாயப்பட்டறை ஆய்வகத்தில் கலர் பொருத்திப் பார்ப்பவருக்கு வேதியியல் வேண்டும். 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக்கூடாது என்ற நிலை வந்த பிறகு, சுத்திகரிப்பு நிலையம் தனி உலகமாகிவிட்டது. நொய்யல் கரையில் பிறந்த ஒரு பிள்ளை அந்த வேலைக்குப் படித்துப் போனால், பிழைப்பும் ஆச்சு, ஆத்துக்கும் நல்லது.

தொழிற்சாலையோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ், கால்நடை மருத்துவர், கிராம நிர்வாக அலுவலர், வங்கிக் கிளை, மெடிக்கல் ஷாப் ஆகியவையும் பட்டியலில் வர வேண்டும். கோவையில் வேளாண்மைப் பல்கலைக்கழகமும், 1912-ல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிறுவனமும், மேட்டுப்பாளையத்தில் வனக்கல்லூரியும், நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. தோட்டம் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு, அப்பாவின் அனுபவத்தோடு சேரும் படிப்பு பஸ் போகும் தூரத்திலேயே இருப்பது பல நேரம் தெரிவதில்லை.

மூன்றாம் படி: பிள்ளையிடம் சரியான கேள்வியைக் கேளுங்கள்

“பெரியவனாகி என்ன ஆகப் போறே?” என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். டாக்டர், கலெக்டர், போலீஸ் என்று மனப்பாடப் பதில்தான் வரும். எங்களுக்குப் பலன் தந்த கேள்விகள் வேறு. வீட்டில் எது ரிப்பேரானால் உன்னைக் கூப்பிடுவார்கள்? கடைக்குப் போனால் கணக்கை நீ பார்ப்பாயா, தம்பியிடம் விட்டுவிடுவாயா? உடம்பு சரியில்லாத பாட்டியை ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப் போவது? பள்ளி ஆண்டு விழாவில் மேடையில் நின்றாயா, மைக் செட்டுக்குப் பக்கத்தில் நின்றாயா? ஒரு பையன், “மைக் செட்டுக்காரண்ணன் ஒயர் சுத்துறதப் பாத்துட்டே இருந்தேனுங்க” என்றான். அவனை எலக்ட்ரீஷியனிடம் அனுப்பினோம்.

நான்காம் படி: பெற்றோரிடம் நேரில் பேசுங்கள்

இதைத் தவிர்க்க முடியாது. சனிக்கிழமை சம்பள நாள், ஞாயிறு காலை சந்தை. ஞாயிறு சாயங்காலம்தான் ஆள் கிடைப்பார்கள். “நாங்க பட்ட பாடு போதுமுங்க, புள்ளையாவது ஏசி ரூமுல உக்காரட்டும்” என்பார்கள். அந்தப் பேச்சுக்குப் பின்னால் இருப்பது நியாயமான வலி. தறிச் சத்தத்தில் காது மந்தமானவரிடம் தொழிலின் பெருமையைப் பேசுவது மரியாதையாகாது. வேலைக்கு அனுப்பச் சொல்லவில்லை, தெரிந்துகொண்டு தேர்ந்தெடுக்கத்தான் சொல்கிறோம் என்பதைப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

பெண்பிள்ளை வீட்டில் பயம் இன்னும் அதிகம். அதற்குக் காரணம் இருக்கிறது. மூன்று வருடம் வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று ஆசை காட்டி, இளம்பெண்களை மில் விடுதியில் அடைத்து வைத்த சுமங்கலித் திட்டம் இந்த மண்ணில்தான் நடந்தது. எந்த இடம், யாரோடு, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, கூடப் போகும் ஆசிரியை யார் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். முதல் சனிக்கிழமை அம்மாவையும் வரச் சொல்லுங்கள். ஒரு தடவை வந்து பார்த்த அம்மா, அடுத்த வருடம் மற்ற வீடுகளில் நமக்காகப் பேசுவார்.

ஐந்தாம் படி: வழிகாட்டியைத் தேர்ந்தெடுங்கள்

மென்ட்டார் என்று சொல்வதை நாங்கள் வழிகாட்டி என்கிறோம், பிள்ளைகள் அண்ணா, அக்கா என்று கூப்பிட்டுக்கொள்கிறார்கள். முதலாளியை விட சூப்பர்வைசர் நல்லது. 50 வயதுக்காரரை விட, அதே மாதிரிப் பள்ளியில் படித்து வேலைக்குப் போய் ஐந்தாறு வருடமான ஒருவர் இன்னும் நல்லது. எந்தக் காலேஜில் விண்ணப்பம் போட்டார், முதல் சம்பளம் எவ்வளவு, எந்தப் பாடத்தில் தவறினார் என்பதெல்லாம் அவருக்கு ஞாபகம் இருக்கும். பெண்பிள்ளைகள் இருக்கும் குழுவுக்குப் பெண் வழிகாட்டி ஒருவராவது வேண்டும்.

கேட்கும்போது அளவாகக் கேளுங்கள். “பசங்களுக்கு ஏதாச்சும் பண்ணுங்க” என்றால் சரி சரி என்பார்கள், ஆனால் ஒன்றும் நடக்காது. நான் போனில் பேசுவது கிட்டத்தட்ட இப்படி:

“வணக்கமுங்க. உங்க பட்டறைக்குப் பக்கத்து ஸ்கூல்ல இருந்து மூணு பசங்க வருவாங்க. நாலு சனிக்கிழமை, காலைல பத்துல இருந்து பன்னண்டு வரைக்கும். கூட ஒரு வாத்தியார் இருப்பாருங்க. உற்பத்தி வேலை எதையும் அவங்க தொட வேண்டாம். உங்க ஃபிட்டர் அண்ணன் அளவெடுக்கிறதயும், வேஸ்ட் துண்டுல அரம் போடறதயும் சொல்லிக் குடுத்தாப் போதும். முடியாதுன்னா முடியாதுன்னே சொல்லிடுங்க, சங்கடமே வேண்டாமுங்க.”

கடைசி வரி முக்கியம். மனமில்லாமல் ஒப்புக்கொண்டவர் இரண்டாவது வாரம் பிள்ளைகளைக் கேட்டிலேயே நிற்க வைத்துவிடுவார்.

சம்மதித்தவரிடம் இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள். “எந்த ஊரு கண்ணு? யாரு வூட்டுப் பையன்?” என்று கேட்பது நமக்குப் பழக்கம். கேட்கப்படும் பிள்ளைக்கு அது சாதியைக் கேட்பதாகவே விழும். பல நேரம் கேட்பவரும் அதைத்தான் தெரிந்துகொள்ளப் பார்க்கிறார். அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்கிறேன். முகம் சுளித்தவரை அடுத்த முறை கூப்பிடுவதில்லை.

ஆறாம் படி: பாதுகாப்பும் சட்டமும்

14 வயதுக்குக் கீழே உள்ளவரை வேலைக்கு வைப்பதையும், 14 முதல் 18 வரை உள்ளவரை ஆபத்தான தொழிலில் வைப்பதையும் 1986-ன் குழந்தைத் தொழிலாளர் சட்டம், 2016 திருத்தத்தோடு தடை செய்கிறது. நாம் செய்வது கல்வி. அது வேலையாக நழுவாமல் இருக்க ஒரே ஒரு விதி வைத்திருக்கிறோம்: பிள்ளை தொட்ட எதுவும் விற்பனைக்குப் போகும் கணக்கில் சேரக் கூடாது. கட்டிங் வேஸ்ட், கழிவு இரும்புத் துண்டு, பழைய மோட்டார் மட்டும்தான். ஒரு இடத்தில் இரண்டாவது வாரமே பையனை டீ வாங்க அனுப்பினார்கள், மூன்றாவது வாரம் பெட்டி கட்டச் சொன்னார்கள். அன்றே நிறுத்தினோம்.

ஃபவுண்டரியில் உருக்கி ஊற்றும் நேரம், பவர் பிரஸ், மர அறுவை, பாய்லர், சாயக் கெமிக்கல் பக்கம் போகவே வேண்டாம். லேத் பக்கம் நின்று பார்ப்பதென்றால் துப்பட்டா கூடாது, ஜடையை மடித்துக் கட்ட வேண்டும், மூடிய ஷூ, பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். கையுறை போட்டால் பாதுகாப்பு என்று நினைப்போம், ஆனால் சுற்றும் மெஷினில் கையுறைதான் முதலில் சிக்கும். கையில் கோயில் கயிறு கட்டியிருக்கும் பிள்ளையிடம் கழற்றச் சொல்லச் சங்கடமாக இருந்தால், அன்று அவர் அளவெடுக்கும் மேசையிலேயே இருக்கட்டும்.

எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது. போன் பேச்சு ஆசிரியரும் இருக்கும் குரூப்பில் மட்டும். ஏதாவது தவறாகப் பட்டால் 1098-க்குக் கூப்பிடலாம் என்று பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லி, நோட்டின் முதல் பக்கத்தில் எழுத வையுங்கள்.

ஏழாம் படி: நான்கு சனிக்கிழமைகள்

முதல் வாரம் ஒரே ஒரு பொருளைப் பின்தொடரட்டும். நூல் உள்ளே வருவதிலிருந்து பனியன் பெட்டிக்குள் போகும்வரை யார் யார் கை படுகிறது? மஞ்சள் மண்டி என்றால், விரலியும் கிழங்கும் எப்படிப் பிரிகிறது, சாம்பிளை உடைத்துப் பார்ப்பவர் எதைப் பார்க்கிறார், விலையை யார் எழுதுகிறார்?

இரண்டாம், மூன்றாம் வாரங்களில் கை வேலை. இதில்தான் எல்லாமே இருக்கிறது, அதனால் ஒரு நாள் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

திருப்பூரில் ஒரு கம்பெனியின் துணி செக்கிங் அறை. சூப்பர்வைசர் அக்கா, ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்) பார்க்கும் வட்டமான கட்டரைத் துணிமேல் வைத்து அழுத்தித் திருகினார். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய வட்டம் ஒன்று கழன்று வந்தது. சின்னத் தராசில் வைத்தார், 1.78 கிராம். “178 ஜிஎஸ்எம். ஆர்டர் 180, பரவாயில்ல” என்று எழுதிக்கொண்டார். ஒன்பதாம் வகுப்பு மாணவி கேட்டாள்: “ஏனுங்க்கா, 1.78 எப்படி 178 ஆச்சு?” அக்கா, “நூறால பெருக்கறதுதான் கண்ணு” என்றார். ஏன் நூறு என்பது அவருக்கும் உடனே சொல்ல வரவில்லை.

கூட வந்த ஆசிரியை ஸ்கேலை எடுத்துக் கொடுத்தார். மாணவி வட்டத்தை அளந்தாள். விட்டம் 11.3 செ.மீ. கிட்ட வந்தது. கட்டருக்கு வந்த தாளில் 11.28 என்று இருந்தது. ஆரம் 5.64. நோட்டின் பின்பக்கத்தில் 5.64-ஐ அதே எண்ணால் பெருக்கி, 22/7-ஆல் பெருக்கினாள். 99.97 வந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நூறு சதுர சென்டிமீட்டருங்க மிஸ். ஒரு சதுர மீட்டர்னா பத்தாயிரம். அப்ப நூறு மடங்கு!” அந்த அக்கா எட்டு வருடமாக அந்தக் கட்டரைத் திருகிக்கொண்டிருக்கிறார். “அட, இதுக்குத்தானா” என்று அவரும் நோட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு ஓரத்திலும் நடுவிலும் வெட்டிப் பார்த்தால் எடை ஏன் மாறுகிறது என்று அவர் சொல்லிக் கொடுத்தார். அது எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை.

இப்படி இரண்டு பக்கமும் கொடுக்கல் வாங்கல் நடக்கிற வேலையாகத் தேடுங்கள். பட்டறையில் என்றால், ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் முதல் பாடத்திலேயே வரும் வெர்னியரை எடுத்து, நிஜ ஷாஃப்டை மூன்று இடத்தில் அளந்து எழுதுவது. கோழிப்பண்ணையில் தீவனக் கணக்கு. மெடிக்கல் ஷாப்பில் காலாவதித் தேதி பார்த்து அடுக்குவது. நர்ஸோடு என்றால், நோயாளி பக்கம் போகாமல் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் நாடி பார்ப்பது. பழைய மோட்டார் ஒன்று கிடைத்தால் கழற்றி மாட்டச் சொல்லுங்கள். ஹோட்டலில் வேலை செய்து சேர்த்த காசில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைக் கழற்றி மாட்டித்தான் கோவையின் கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடு மெஷினைக் கற்றார். 1937-ல் இந்தியாவின் முதல் மின் மோட்டார் கோவையில் வந்ததற்கும், 1945-ல் அவர் பாலிடெக்னிக் தொடங்கியதற்கும் அந்தக் கைப்பழக்கம்தான் தொடக்கம். முடிந்தால் அவினாசி சாலையில் அவர் பெயரில் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் கூட்டிப் போங்கள்.

நான்காவது வாரம் உட்கார்ந்து பேச மட்டும். சம்பளம் எவ்வளவு, லீவு உண்டா, முதுகு வலிக்குமா, கல்யாணத்துக்குப் பிறகும் வேலையில் இருக்க முடியுமா, பத்து வருடத்தில் எங்கே போகலாம். வழிகாட்டி மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். நல்லதை மட்டும் சொன்னால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

எட்டாம் படி: திரும்பி வந்ததும் எழுத வையுங்கள்

ஒவ்வொரு சனிக்கிழமையும் அரைப் பக்கம் போதும். இன்று என் கையால் செய்தது, புரியாதது, இதை எட்டு மணி நேரம் செய்ய முடியுமா. மூன்றாவது கேள்விக்கு “முடியாது” என்று வந்தால் சந்தோஷப்படுங்கள். மெக்கானிக்கல் என்ஜினியர் ஆகியே தீருவேன் என்ற பையன் ஒருவன், ஆயில் கையோடு இருப்பது தனக்கு ஒத்துவரவில்லை என்று மூன்றாவது வாரம் எழுதினான். அங்கேயே ஸ்டோர் ரூமில் இருப்புக் கணக்குப் பார்த்தவரோடுதான் அவன் அதிகம் பேசியிருந்தான். வணிகவியல் எடுத்தான். நான்கு வருடமும் சில லட்சமும் செலவழித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதை நான்கு சனிக்கிழமையில் தெரிந்துகொண்டான்.

ஒன்பதாம் படி: உறவு விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

நான்கு வாரம் முடிந்த பிறகு வழிகாட்டி மாதம் ஒரு முறை பள்ளிக்கு வந்து அரை மணி நேரம் பேசினால் போதும். பரிசு, பணம் எதுவும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வருவதாகச் சொன்ன தேதியில் வருவதுதான் முக்கியம். வர முடியாவிட்டால் முந்தின நாளே சொல்ல வேண்டும். இதுவரை யாரும் தேடி வராத பிள்ளைகளில் சிலர், அந்தத் தேதியை நோட்டில் கட்டம் போட்டு வைத்திருப்பார்கள்.

பத்தாம் படி: படிப்போடு இணையுங்கள்

ஆர்வம் வந்த பிள்ளைக்கு வழியும் பணமும் தெரிய வேண்டும். ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அரசு ஐடிஐயில் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐகளில் ரோபாட், சிஎன்சி (கணினி இயக்கும் மெஷின்) போன்ற புதிய மெஷின்களோடு பயிற்சி மையங்கள் வந்திருக்கின்றன. பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டு வருட ஐடிஐ முடித்தால் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம், டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். “ஐடிஐ போனா அதோட முடிஞ்சுது” என்று நினைக்கும் வீடுகளில் இந்த ஒரு வரி பெரிய மாற்றம் செய்கிறது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்தவர்கள் மேலே படித்தால், பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். மருத்துவம், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. 2022-ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் பள்ளியில் உயர்கல்வி வழிகாட்டல் நடக்கிறதா என்று கேட்டு, இந்தச் சனிக்கிழமை வேலையை அதோடு சேர்த்துவிடுங்கள்.

கடைசியாக, பத்தாம் வகுப்பு முடிவு வரும் நாளை வழிகாட்டிகள் காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளட்டும். அன்று மத்தியானம் ஆசிரியரோடு சேர்ந்து ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்யுங்கள். நல்ல மார்க் வாங்கிய பிள்ளைக்கு வாழ்த்துச் சொல்ல நிறையப் பேர் இருப்பார்கள், முதலில் தவறிய பிள்ளையின் வீட்டுக்குக் கூப்பிடுங்கள். துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கச் சில நாட்கள்தான் கொடுப்பார்கள். அந்த நாட்களில் பிள்ளை வீட்டுக்குள் முகம் மறைத்துப் படுத்திருக்கும், அப்பா பனியன் கம்பெனியில் ஆள் கேட்கப் போயிருப்பார். நேரில் போய் உட்கார்ந்து விண்ணப்பத்தைப் போட வைத்துவிட்டு வாருங்கள்.